ஒரு வரி தள்ளி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மனதில் உதித்ததல்ல. பதினெட்டு வருடங்களாகத் தொண்டையில் நிற்பது. ஓய்வு பெற்றவனுக்கு வேறு வேலை இல்லை, பத்திரிகைக்குக் கதை எழுதுகிறேன். முதல் வரியாக இதை வைத்தேன்:

"அந்த அலுவலகத்தில் நாலாயிரம் பேர் நடுநடுங்கிக்கொண்டிருந்த காலை..."

எட்டிப் பார்த்த என் மனைவி, "நாற்பத்திரண்டு பேர். அதுல பாதிப் பேர் தூங்கிட்டிருந்தாங்க," என்றாள். அடித்துவிட்டேன். [அடித்ததை நீங்களும் படித்துவிட்டீர்கள். பரவாயில்லை.]

2

அந்த நாற்பத்திரண்டு பேரில் யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று எங்கள் கிளை மேலாளர் தன் கையாலேயே கணினியில் ஒரு பட்டியல் அடித்தார். ஒரு வரியில் பெயர். அடுத்த வரியில் "நீக்கலாம்" அல்லது "நீக்க வேண்டாம்". தலைமை அலுவலகமோ ஆளுக்கு ஒரே வரி கேட்டது. கணினிப் பிரிவு என்றால் நான் ஒருவன்தான். இரண்டு வரியை ஒட்டித் தா என்றார்.

வரியின் முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி இருக்கும். அதைத் தேடி, அங்கே இடைவெளி போடு என்று கட்டளை கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அந்த நிரல் ஒவ்வொரு வரியாகத்தான் எடுக்கும். எடுக்கும்போதே முடிவுக் குறியை, வாசலில் செருப்பு விடுகிற மாதிரி, கழற்றி வைத்துவிடும். வீட்டுக்குள் செருப்பைத் தேடினால் கிடைக்குமா? மூன்று மணி நேரம் தேடினேன். [முப்பது என்று எழுதியிருந்தேன். மனைவி பக்கத்திலேயே இருக்கிறாள்.] அடுத்த வரியையும் உள்ளே இழுத்துக்கொள் என்பதற்கு ஓர் ஒற்றை எழுத்துக் கட்டளை உண்டென்று பிறகுதான் தெரிந்தது. இழுத்து, ஒட்டி, இரண்டிரண்டாக ஜோராக வந்தது.

நாற்பது பேர் வரைக்கும்.

3

வேலைக்குச் சேர்ந்த வரிசைப்படி கடைசி இருவர்: டைப்பிஸ்ட் அக்கா, அப்புறம் நான். அக்காவின் பெயருக்கு முன்னால் மேலாளர் ஒரு தடவை கூடுதலாக என்டரைத் தட்டியிருந்தார். ஒரு வெற்று வரி. என் நிரலுக்கு அதுவும் வரிதான். அதோடு அக்காவின் பெயரை ஒட்டியது. அக்காவுக்கான "நீக்க வேண்டாம்" என்பதை என் பெயரோடு ஒட்டியது. எனக்கான "நீக்கலாம்" அடியில் தன்னந்தனியாக நின்றது.

நான் பார்த்தேன். [இந்த இரண்டு சொற்களை எழுதத்தான் பதினெட்டு வருடம்.]

தலைமை அலுவலகத்திலிருந்து பட்டியலை வாங்க வந்தவரும் பார்த்தார்.

"என்னய்யா, இந்தம்மாவுக்கு ஒண்ணுமே போடலை?"

"போடலைன்னா என்ன சார் அர்த்தம்?"

"நீக்க வேண்டாம்னு போடலைன்னா தூக்க வேண்டியதுதான். ஆமா, உம்ம பேருக்கு மட்டும் குறிப்பு முன்னாடி வந்திருக்கு?"

"கடைசி ஆளுக்கு அப்படித்தான் சார் வரும்."

"கீழே மொட்டையா ஒரு 'நீக்கலாம்' நிக்குதே?"

"அது கம்ப்யூட்டர் போடறது சார். எல்லாப் பட்டியல்லயும் வரும்."

தலையாட்டிக்கொண்டே அந்த வரியைப் பேனாவால் அடித்தார். என் வாழ்நாளின் மிகச் சிறந்த புனைவு அதுதான்.

4

மேலிடம் தன் பேச்சைத் தட்டிவிட்டது என்று மேலாளர் நினைத்துக்கொண்டார். எனக்கு மேலே ஆள் இருக்கிறது என்று முடிவு கட்டி, அன்றுமுதல் கூடுதல் மரியாதை கொடுத்தார்.

அக்கா மட்டும் என் மேசைக்கு வந்தாள்.

"தம்பி, கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் மாறியிருக்குமா? என்னை வெச்சுக்கறதாத்தானே மேனேஜர் சொன்னாரு."

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுக்கா."

"அதுவும் சரிதான். நீயாச்சும் தப்பிச்சியே. இந்தா, என் நாற்காலித் திண்டை நீ வெச்சுக்க. உனக்குத்தான் முதுகு வலி."

அதன் மேல் உட்கார்ந்துதான் பதினோரு வருடம் வேலை பார்த்து, பாராட்டுக் கூட்டத்தோடு ஓய்வு பெற்றேன். அக்கா துணிக்கடையில் நின்றபடி சேலை மடித்தாள். அவள் கால் யானைக்கால் போல... [இல்லை. வீங்கியிருந்தது. அவ்வளவுதான். அதுவே போதும்.]

5

முடிவுகள் சில வைத்திருக்கிறேன்.

அக்கா இறந்துவிடுகிறாள், நான் குடம் குடமாய் அழுகிறேன். எனக்கு மிக வசதியான முடிவு. அக்காதான் ஒத்துழைக்கவில்லை, குத்துக்கல்லாட்டம் இருக்கிறாள்.

நான் காலில் விழுகிறேன், அவள் மன்னித்து

"அவங்க மன்னிப்பாங்கன்னு நீங்களே எழுதிக்கிட்டா எப்படி?" என்றாள் மனைவி. அந்த வாக்கியத்தை அப்படியே பாதியில் விட்டுவிட்டேன்.

6

ஒன்று சொல்லாமல் வைத்திருந்தேன். என் கதைகளை எழுத்து விடாமல் படிக்கிற ஒரே ஆள் டைப்பிஸ்ட் அக்கா. பத்திரிகை வந்த மறுநாள் போன் செய்வாள். "தம்பி, புளுகுறதுல உன்னை அடிச்சுக்க ஆளே இல்லைடா," என்று வயிறு குலுங்கச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே ஒன்றைப் பத்தாக்கி எழுதிப் பழகிவிட்டேன். இதையும் படித்துவிட்டு அப்படியே சிரிப்பாள். நானும் கூடச் சிரித்துத் தப்பித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

ஆகவே, அக்கா, இது புளுகில்லை. நாளைக்கு நீங்கள் போன் செய்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன்; நீங்களே பேசுங்கள். செய்யாவிட்டால், அதுதான் கதையின் முடிவு என்று எடுத்துக்கொள்கிறேன்.