மேல் வீட்டு விறகு

ஸ்டோப்தன் வீட்டு மொட்டைமாடி விளிம்பில் இருந்த விறகைத் தாத்தா தன் காலத்தில் வெட்டினார், அப்பா தன் காலத்தில் அடுக்கினார், இப்போது ஸ்டோப்தன் பார்த்துக்கொண்டிருந்தான். மரம் அரிதான பனிமலைச் சீமை ஜான்ஸ்காரில் விறகு எரிப்பதற்கல்ல, ஊர் கண்ணில் படுவதற்கு. கல்யாணம், சாவு, பெரிய விருந்து என்றால் நாலு கட்டை இறங்கும். வெறும் குளிருக்காக ஒரு சுள்ளியை உருவினாலும் போதும், கீழ் ஊர் அங்சுக், "மேல் வீடு நொடிச்சுப்போச்சு" என்று பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவான்.

அடுப்புக்கு வரட்டிதான். வில்லங்கம் அங்கேதான் வந்தது. மாடியின் மூன்று பக்கமும் விறகு அடைத்துக்கொண்டதால், விழுந்த பனியை வடக்குப் பக்கமாக மட்டுமே தள்ள முடியும். வரட்டிக் குவியல் அதற்கு நேர் கீழே. ஸ்டோப்தன் பாடிக்கொண்டே தள்ளினான். பாட்டு முடிந்தபோது வரட்டி ஒரு மலைக்கு அடியில் கிடந்தது. மறுநாள் மலை பாறையாகியிருந்தது. கடப்பாரைதான் வளைந்தது.

அந்தக் குளிர் சாதாரணக் குளிரில்லை. அடுப்புப் புகை குழாயைத் தாண்டியதும் உறைந்து, துண்டு துண்டாக மாடியில் விழுந்தது. அவன் மனைவி குன்ஸஸ் தினமும் அதைப் பெருக்கித் தள்ளினாள். உள்ளே இருந்த கடைசிக் கூடை வரட்டியும் தீர்ந்தது.

"தலைக்கு மேல இத்தனை விறகு," என்றாள். "எறக்கினா ஊர் சிரிக்குமோ?"

"சிரிக்கும்."

"செத்தா எறக்கலாமா?"

"தாராளமா. அதான் வழக்கம்."

"அப்ப நீங்க முதல்ல போங்க. நான் கொஞ்சம் குளிர் காயறேன்."

ஸ்டோப்தன் யோசித்துப் பார்த்தான். நியாயமாகத்தான் பட்டது.

காலையில் அவள் வடக்குச் சுவரில் சாய்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

"என்ன, சுவத்தோட ஒட்டிக்கிட்டே?"

"இந்தச் சுவத்துல மட்டும் உறைபனி பூக்கல, பாருங்க. வரட்டிக்குப் போர்வை போட்டப்ப இதுக்கும் போட்டுட்டீங்க. மத்த மூணு சுவரும் என்ன பாவம் பண்ணிச்சு?"

ஸ்டோப்தன் கூடையைத் தூக்கினான். பனியை அள்ளி அள்ளி மூன்று பக்கமும் அண்டக் கொடுத்தான். வாசல் மூடிப்போனது. வீடே மறைந்து, மேலே விறகு வரிசையும் ஏணி இறங்கும் துவாரமும் மட்டும் மிஞ்சின. கீழ்த்தளத்துத் தொழுவத்தில் யாக் மாடுகளும் ஆடுகளும் கழுதையும் மூச்சு விட்டன. விட்ட மூச்சு வெளியே போக வழியில்லாமல் மேலே ஏறியது.

முதலில் வெண்ணெய் உருகியது. பிறகு ஆடுகள் வசந்தம் வந்துவிட்டதென்று ரோமம் உதிர்த்தன. மூட்டைக்குள் பார்லி முளைவிட, குன்ஸஸ் உட்கார்ந்து களையெடுத்தாள். தேநீர்ப் பானையை இரண்டு யாக்குகளுக்கு நடுவில் வைத்தால் போதும், கொதித்துவிடும். சந்தேகமிருந்தால் அந்தக் கழுதையைக் கேட்கலாம். இதுவரை அது மறுத்ததில்லை.

மேல் வீட்டில் புகையே காணோம் என்றதும் அங்சுக் ஒரு மூட்டை வரட்டியை முதுகில் கட்டிக்கொண்டு, வழியெல்லாம் துக்க முகத்தைப் பழகிக்கொண்டே ஏறி வந்தான். முதலில் விறகைத்தான் பார்த்தான். ஒரு சுள்ளி குறையவில்லை. பிறகுதான் துவாரத்தில் குனிந்தான்.

"ஸ்டோப்தன், இருக்கியா, போயிட்டியா?"

"ஜூலே, வணக்கம். கோட்டைக் கழட்டிட்டு இறங்கு. புழுங்கும்."

இறங்கியவனின் மீசையிலிருந்து பனிக்கட்டி உருகிச் சொட்டியது. சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்த ஸ்டோப்தனைப் பார்த்ததும், வழியெல்லாம் பழகிய துக்க முகத்தை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"வரட்டி கொண்டாந்தேன்."

"அட. விசிறி ஏதாவது கொண்டாந்திருக்கலாமே."

"அண்ணி, ஒரு சுள்ளிகூட எரிக்கலியா?"

"குளிருக்கா?" என்றாள் குன்ஸஸ். "எந்தக் குளிருக்கு?"

ஸ்டோப்தன் எழுந்தான். மாடிக்கு ஏறி, தாத்தா வெட்டியதிலேயே பருத்த கட்டையாகப் பார்த்து உருவி, கீழ் ஊருக்குக் கேட்கும்படி பொத்தென்று போட்டான். அதன் மேல் இன்னும் மூன்று.

"யோவ், எதுக்குய்யா இதெல்லாம்?" என்றான் அங்சுக்.

"விருந்தாளிக்கு டீ போடணுமில்ல. யாக் சூட்டுல போட்டது எங்களுக்குச் சரி. உனக்குக் குடுத்தா மரியாதையா இருக்காது."

தேநீர் விறகில் கொதித்தது. பெரிய விருந்துக்கு இறக்குகிற கட்டை தனக்காக இறங்கியதை அங்சுக்கே ஊரில் வீடு வீடாகப் போய்ச் சொன்னான். சொல்லி முடித்ததும், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, ஒரு கூடைப் பனியைத் தன் வீட்டுச் சுவரோரம் கொட்டினான்.