பதினோரு நிமிடக் கணினி

1

இதை எழுத மாட்டேன் என்று அர்வோவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக்கூடாது. அவர் மகள் கைசாவுக்குத் தமிழ் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

2

"ஏரியிலிருந்து பனிக்காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு..." சே! காற்றுக்கும் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அடித்தாயிற்று.

விஷயம் இதுதான். கனடாவில், தண்டர் பே நகரில் அர்வோ என் பக்கத்து வீட்டுக்காரர். மரமில்லில் நாற்பது வருஷம் உழைத்துக் காதைப் பறிகொடுத்தவர். போன் ஒத்துவராது, திரையில் உதட்டைப் பார்த்தால்தான் பேச்சு புரியும். ஞாயிறுதோறும் வான்கூவரிலிருந்து கைசா கணினியில் வருவாள். பதினோராவது நிமிடம் கணினி சூடாகி அணைந்துவிடும். அதுவும் எப்போது? வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொல்லி அவள் ஆரம்பிக்கும்போது!

அப்பா வேண்டுமென்றே அணைக்கிறார் என்று அவளுக்கு எண்ணம். போன வாரம் சொல்லிவிட்டாள்: "இன்னொரு தடவை மூஞ்சில அடிச்ச மாதிரி அணைச்சே, இனிமே நான் கூப்பிடவே மாட்டேன்பா."

"மிஷின் கோளாறுன்னா நம்ப மாட்டேங்கறா தம்பி," என்றார் அர்வோ. "ஆறு வருஷம் முன்னாடி அவளே தன் கையால அசெம்பிள் பண்ணிக் குடுத்தது, அதுக்கு ஒண்ணும் வராதுங்கறா." (அந்தக் கவலையிலும் மகளைப் பற்றிப் பெருமைதான்.)

3

ஆகவே சனிக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் கணினியைப் பிரித்தோம். ப்ராசஸரின் சூட்டை வாங்கி வெளியே தள்ளும் உலோகக் கட்டி, ஹீட்சிங்க். அதைக் கழற்றித் துடைத்து, சூடு கடத்தும் பேஸ்டைப் புதிதாக வைக்க வேண்டும்.

"இழுக்காதீங்க! முதல்ல லேசாத் திருகுங்க. ப்ராசஸரும் சேர்ந்து வந்துடும்."

"என்ன?"

"திருகுங்க!"

"கத்தாதே. பல்லா பிடுங்கறோம்?"

கழன்று வந்தது. காய்ந்த பேஸ்டை ஒரு பழைய நூலக அட்டையால் சுரண்டினோம். பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த காப்பி வடிகட்டுத் தாள். பஞ்சு கூடாது, இழை ஒட்டிக்கொள்ளும்.

"விரல் படக்கூடாது," என்றேன்.

"காப்பிக்கு ஒரு தாளாவது மிச்சம் வைப்பியா?" என்றார்.

எத்தனை துடைத்தும் ஹீட்சிங்கின் அடிப்பக்கம் பளபளக்கவில்லை. ஓரத்தில் நகத்தை வைத்தேன். (விரல் படக்கூடாது என்ற நானேதான்.) மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று உரிந்து வந்தது. அதில் எழுதியிருந்தது: மாட்டும் முன் உரிக்கவும்.*

அடப்பாவமே! இத்தனை நாள் கைசா அப்பாவைத் திட்டியதெல்லாம் தன் சொந்தத் தவறுக்கு.

அர்வோ அதை இரண்டு முறை படித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "இவதான் இப்போ ஒரு கம்பெனி சர்வருக்கெல்லாம் பொறுப்பு," என்றார். சிரிப்பு அப்படியே நின்றது. "நீ இதை எழுதித் தொலைக்காதே."

* அப்படியானால் அது ஆறு வருஷம் எப்படி ஓடியது என்று கணினி தெரிந்தவர்கள் கேட்பார்கள். முக்கி முனகி ஓடியது. தூசியும் சேர்ந்தபோது தாங்கவில்லை.

4

இந்த இடத்தில் எனக்கு அர்வோ மேல் சந்தேகம். பேச்சு பாதியில் அறுவது அவருக்கும் சௌகரியமாக இருந்ததோ? எழுதினேன், அடித்தேன், கடைசியில் கேட்டேவிட்டேன்.

"இருந்துச்சு," என்றார். "வீட்டை விக்க மனசில்ல. ஆனா அவ மூஞ்சி பாதியில மறையறப்போ, திரும்ப வருமான்னு பட்டனை அழுத்திக்கிட்டே இருப்பேன்பா."

5

ஞாயிறு. புதுப் பேஸ்ட் வைத்து மாட்டிய கணினி முன்னால் அர்வோ, பக்கத்து நாற்காலியில் நான்.

முடிவு ஒன்று: தாளைத் தூக்கிக் காட்டுகிறார். அவர் மேலிருந்த பழி போகிறது. அவள் கூனிக்குறுகி...

முடிவு இரண்டு: "நான் தூசி தட்டாம விட்டுட்டேம்மா." பழி அவரோடேயே...

இரண்டையும் நிறுத்திவிட்டேன். நான் கண்டது இவ்வளவுதான்: கைசா வீட்டுப் பேச்சை எடுத்தாள், திரை அணையப்போகிறது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பன்னிரண்டாவது நிமிடம் பிறந்தது.

"அப்பா? இன்னும் இருக்கியா?"

"இருக்கேம்மா."

அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். பதினோரு நிமிடத்துக்கு மேல் இந்தப் பேச்சு போனதே இல்லையே!

"அப்போ... இத்தனை நாளா என்னதான்பா ஆச்சு?"

அர்வோ மேசையிலிருந்த பிளாஸ்டிக் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சட்டென்று எழுந்து வெளியே வந்துவிட்டேன். அந்த நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. நீங்கள் உட்காருங்கள். அவர் உங்கள் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார், சீக்கிரம் ஏதாவது சொல்லுங்கள்.