சொந்த ஊர் என்ற கட்டம்

ஆய்வகத்தில் அவளுக்குத் துளி என்று பேர். எச்சிலிலிருந்து பிரித்தெடுத்த மரபணுவை நாளெல்லாம் சொட்டுச் சொட்டாகக் குழாயில் விடுகிறவளுக்கு வேறு என்ன பேர் வைப்பார்கள்? ஆளும் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு.

ஆராய்ச்சி முப்பது கிராமங்களில். ஊருக்கு எட்டு ஆண், எட்டுப் பெண். அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் மரபணுவை ஆண்களிடமும், அம்மா வழியாக மட்டும் வருவதைப் பெண்களிடமும் பார்த்தார்கள். ஆண்கள் பக்கம் சிக்கல் இல்லை. ஒரு ஊரில் எட்டுப் பேரும் ஏறக்குறைய ஒரே வகை, அடுத்த ஊரில் வேறு வகை. பெண்கள் பக்கமோ வீட்டுக்கு ஒரு வகை. மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்புவதும் மருமகளை வெளியிலிருந்து கொண்டுவருவதும் தலைமுறை தலைமுறையாக நடந்தால் வேறு எப்படி இருக்கும்?

அதை நிரூபிக்க, யார் எங்கிருந்து வந்தவள் என்று தெரிய வேண்டும். அங்கேதான் கோட்டை விட்டார்கள். படிவத்தில் ‘சொந்த ஊர்’ என்று ஒரு கட்டம். இருநூற்று நாற்பது பெண்களும் புருஷன் ஊரை எழுதியிருந்தார்கள். கல்யாணமான மறுநாளிலிருந்து சொல்லிப் பழகிய ஊர், கேட்டதும் கை தானாக எழுதிவிட்டது. படிவத்தை நம்பினால் முப்பது கிராமத்திலும் ஒரு பெண்கூட இடம் மாறவில்லை.

“பொம்பளைங்க சாம்பிளை எல்லாம் தூக்கிடுவோம். ஆம்பளைங்களை வச்சே கட்டுரை போட்டுடலாம்” என்றார் பேராசிரியர்.

துளிக்குச் சுருக்கென்றது. இடம் மாறியவர்களை விட்டுவிட்டு, இருந்த இடத்திலேயே இருந்தவர்களை வைத்துக்கொண்டு இடப்பெயர்ச்சியைப் பற்றி எழுதுவதாம்!

“வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க சார். ஒவ்வொருத்தருக்கா ஃபோன் போட்டுக் கேட்டுடுறேன்.”

“கேளு. ஆனா ஒரு கட்டம் காலியா இருந்தாலும் அந்தக் குழாய் வெளிய. சம்மதமா?”

“சம்மதம் சார்” என்றாள். அப்போது அவளுக்கு அது மலிவான பேரமாகத் தெரிந்தது.

நான்கு நாள் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசினாள். பிறந்த ஊர், அம்மா பிறந்த ஊர், இரண்டையும் கேட்டாள். “எதுக்கும்மா? என்னைத் திருப்பி அனுப்பப் போறீங்களா?” என்று சிரித்தாள் ஒருத்தி. இன்னொரு வீட்டில் புருஷன் எடுத்து, “அவளுக்கு என்ன தனியா ஒரு ஊரு?” என்றான். பின்னாலிருந்து ஒரு பெண்குரல் சத்தமாக ஊர்ப் பேரைச் சொன்னது. துளி எழுதிக்கொண்டாள்.

வெள்ளி மதியம் மிச்சமிருந்தது ஒரே ஒரு தையல்காரம்மா.

“எனக்கு மூணு வயசு இருக்கும். பஸ் ஸ்டாண்டுல யாரோ இறக்கி விட்டுட்டுப் போயிட்டாங்களாம். கூட்டிட்டு வந்து வளர்த்தாங்க. ஊரும் தெரியாது, பெத்தவளும் தெரியாது” என்றாள் அவள். தையல் மெஷின் ஓடிக்கொண்டேயிருந்தது. “அதைத் தெரிஞ்சுக்கத்தானே எச்சில் குடுத்தேன். உங்க மெஷின் சொல்லாதா?”

யாருடைய முடிவையும் யாரிடமும் சொல்லக் கூடாது என்பது விதி. துளி விதியைப் பார்க்கவில்லை, கணினியைப் பார்த்தாள். தையல்காரம்மாவின் வகை இன்னும் ஆறு பெண்களிடம் இருந்தது. ஆறு பேரும் ஆறு ஊரில் பிறந்தவர்கள். அவர்களுடைய அம்மாக்கள் பிறந்ததும் வேறு வேறு ஊர். ஆணாக இருந்தால் இந்நேரம் ஊரைச் சொல்லியிருக்கலாம்.

“உங்க தாய்வழியில ஆறு பேர் இருக்காங்கம்மா. ஆனா ஆறு பேரும் ஆறு ஊரு. எது உங்க ஊர்னு சொல்ல முடியல.”

மெஷின் நின்றது.

“ஆறு பேரா!” குரலில் சந்தோஷம் வழிந்தது. “அப்ப ஆறு ஊரையும் எழுதிக்கோங்களேன்.”

துளி ரிசீவரைப் பிடித்தபடியே பேராசிரியரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் விரலை வாசல் பக்கம் காட்டினார். அவள் சம்மதித்த பேரம்தான். அவமானமாக இருந்தது.

“ஊர் இல்லாம சேர்க்க முடியாதாம். உங்க குழாயை எடுத்துடச் சொல்றாங்கம்மா.”

“எல்லாரோடதையுமா?”

“உங்களோடது மட்டும்.”

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

“சரி தாயீ. அங்கயும் என்னைத்தான் இறக்கி விட்டீங்களா” என்று அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.