மைனஸ் முப்பத்தெட்டில் ஒரு ஜிப்

பார்சலைப் பிரித்த ரேகா, உள்ளே இருந்த பனிக்கோட்டைத் தரையில் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

"இன்னாக்கா இது, செத்த எலி கணக்கா நாறுது."

குமணன்சாவடியில் இருந்த அந்தத் தையல் கூடத்தில், மே மாத வெயிலில் தகரக் கூரை கொதிக்கக் கொதிக்க, லடாக் மலையில் ரோடு போடுகிறவர்களுக்குப் பனிக்கோட்டு தைத்துக்கொண்டிருந்தார்கள். தைத்ததைப் பார்த்து, சரி என்று முத்திரை குத்துவது பேபியின் வேலை. பதினோரு வருஷத்தில் அவள் முத்திரை குத்தியது எதுவும் திரும்பி வந்ததில்லை. இது வந்துவிட்டது.

முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு பேபி குனிந்தாள். உள்துணி முழுக்க மஞ்சளாகக் காய்ந்த வாந்தி. கழுத்திலிருந்து வயிறுவரை யாரோ கத்தியால் கிழித்திருந்தார்கள்.

மேனேஜர் சரவணக்குமார் கூடவே வந்த கடிதத்தைப் படித்தார். "மைனஸ் முப்பத்தெட்டுல ஜிப் திறக்கலையாம். போட்டிருந்தவனுக்கு மலை ஒத்துக்காம வாந்தி. கழட்ட முடியாம ரெண்டு நாள் அதுக்குள்ளேயே கிடந்திருக்கான். அப்புறம்தான் கிழிச்சு எடுத்தாங்களாம்."

"உவ்வே, ரெண்டு நாளா" என்றாள் ரேகா வாசலிலிருந்தே.

"அங்க உறைஞ்சு கிடந்தது இங்க வந்து இளகி நாறுது. இதெல்லாம் ஒரு குளிராம்மா? அண்டார்டிகாவுல மைனஸ் எண்பத்தொன்பது வரைக்கும் போயிருக்கு. வானத்துல பூமராங்னு ஒரு வாயு மேகம், அங்க மைனஸ் இருநூத்தி எழுபத்திரண்டு. நேத்துதான் போன்ல பார்த்தேன்" என்றார் சரவணக்குமார்.

"அங்க ஆளுங்க கீறாங்களா சார்?" என்றாள் பேபி.

"இல்ல."

"அப்ப அங்க ஜிப்பு தொறக்காட்டி யாருக்கு இன்னா?"

அவர் பேனாவை எடுத்தார். "ஜிப் சப்ளை பண்ணவன் மேல தப்புனு எழுதிடறேன். நீங்க கையெழுத்து போட்டுடுங்க. இன்னிக்கு இருநூத்தி நாற்பது கோட்டு வண்டி ஏறணும்."

பேபி ஜிப்பை விரலால் தேய்த்து முகர்ந்தாள். வாந்தி நாற்றத்துக்கு அடியில் தேங்காயெண்ணெயின் சிக்கு வாடை. இந்தத் தடவை வந்த புது ஜிப் இறுக்கமாக இருக்கிறதே, நாலு சொட்டு தடவி ஓட்டுங்கள் என்று எல்லா மேசையிலும் எண்ணெய்க் குப்பி வைக்கச் சொன்னது அவள்தான். மார்கழிக் காலையில் வீட்டு பாட்டிலிலேயே கட்டியாகிற எண்ணெய். அதை ஒருத்தன் நெஞ்சில் பூட்டாகப் பூட்டி அனுப்பியிருக்கிறாள். தன் தலையில் வைத்திருந்த எண்ணெயே இப்போது அவளுக்குக் குமட்டியது.

வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

வண்டிக்குப் போகவிருந்த கோட்டு ஒன்றை எடுத்து, அதன் ஜிப்பை ஆபீஸ் ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டிக்குள் செருகிவைத்தாள். அரைமணி கழித்து எடுத்து நீட்டினாள். "இழுங்க சார்."

சரவணக்குமார் இழுத்தார். அசையவில்லை.

"எண்ணெய் தடவச் சொன்னது நான்தான். ஜிப்புக்காரன் மேல எழுதாதீங்க."

"பேபிம்மா, இதைச் சொன்னா ஆர்டரே போயிடும். உங்க வேலையும்தான். எவனோ ஒருத்தன் வாந்தி எடுத்தான்னு..."

அவள் கிழிந்த கோட்டைத் தூக்கி அவர் மேசைமேல், கடிதத்துக்குப் பக்கத்தில் விரித்தாள். "இத்தப் பக்கத்துல வெச்சுகினே எழுதுங்க. கையெழுத்து போடறேன்."

அவர் முதல் வரியைத் தாண்டவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தார். "எடுங்க இதை. வண்டியில ஏத்தினதை இறக்கச் சொல்லுங்க."

"இப்பவே போட்டுகினு கீறவங்களுக்கும் போன் பண்ணிடுங்க சார்."

"பண்றேன், முதல்ல இதை எடுங்க."

"அத்தினி ஜிப்பையும் யாருக்கா தொடைக்கிறது?" என்றாள் ரேகா.

"சோப்புத் தண்ணி கொண்டா" என்று சொல்லிவிட்டு, குமட்டலை விழுங்கியபடி பேபி முதல் மூட்டையின் கயிற்றை அவிழ்த்தாள்.