கதவில்லாத குதிரை

என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் ஒரே பட்டறையில வேலை செய்றாங்க, ஒரே பானைச் சோத்தைத்தான் சாப்பிடறாங்க. ஆனா மாமியார் செத்ததிலிருந்து ஒருத்தருக்கொருத்தர் பேச்சுவார்த்தை கிடையாது. நடுவுல நான் ஒருத்தி. "உன் கொழுந்தன்கிட்ட ஆணி டப்பா எங்கன்னு கேளு"ம்பார் இவர். "உங்க வீட்டுக்காரரைக் காலடியில பாக்கச் சொல்லுங்க அண்ணி"ம்பான் அவன். ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான் கேக்குது. இருந்தாலும் நான் ஒருதரம் ஒப்பிச்சாத்தான் உள்ள ஏறும். என் தலையெழுத்து!

அந்த லட்சணத்துலதான் இந்தக் குதிரை வந்து சேர்ந்துச்சு. கிரேக்கக் கதையில வருமே, வயித்துக்குள்ள படையாளுங்களை ஒளிச்சுவெச்சு எதிரி ஊருக்குள்ள அனுப்பின மரக்குதிரை, அதே மாதிரி ரெண்டு மாடி உசரத்துக்கு ஒண்ணு பூங்காவுக்கு வேணுமாம். படம் போட்டது கொழுந்தன். படகுக்கு வைக்கிற மாதிரி வளைஞ்ச சட்டங்களை வரிசையா நிறுத்தி, மேலே பலகை போர்த்தணும், வயித்துல ஒரு கதவு வைக்கணும்.

இவர் படத்தைப் பாத்தார். "உள்ள யாரும் குடியிருக்கப் போறதில்லையே, கதவு எதுக்குன்னு கேளு."

"கதவு இல்லாட்டி அது வெறும் குதிரை. கதையில வர்ற குதிரை இல்லைன்னு சொல்லுங்க."

பூங்காக்காரங்களும், பிள்ளைங்க ஏறி விழுந்துவெச்சா யார் பதில் சொல்றது, கதவு வேண்டாம்னுட்டாங்க. இவருக்கு வாயெல்லாம் பல். தம்பி தோத்ததுல அப்படியொரு சந்தோஷம். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

அவன் வாதாடல. குதிரை முடிஞ்ச கையோட வேற ஊருக்கு வேலைக்குப் போறேன்னு என்கிட்ட மட்டும் சொன்னான். போனா திரும்ப மாட்டான், எனக்குத் தெரியும். இந்த வீட்டுல என்னை மனுஷியா மதிச்சுப் பேசினவன் அவன் ஒருத்தன்தான். போறதுக்குள்ள இந்த ரெண்டும் நேருக்கு நேர் பேசிக்கிட்டா, ஒருவேளை தங்கிடுவான்னு எனக்கு நப்பாசை.

கடைசி நாள் மத்தியானம் இடது விலாவுல ஓர் ஆள் நுழையற அளவுக்குத்தான் சந்து பாக்கி. அது வழியா கொழுந்தன் உள்ள போய், கழுத்துச் சட்டத்து நட்டுங்களை முடுக்கிட்டிருந்தான். வேற பட்டறையா இருந்தா, மூடறவன் "உள்ள ஆள் இருக்கா?"ன்னு ஒரு குரல் குடுப்பான். இங்க யார் குடுக்கறது? குரல் குடுக்கற நானோ அடுப்படியில நிக்கறேன். இவர் பாட்டுக்கு மெஷின் சத்தம் கேக்காம இருக்கக் காதுல பஞ்சை அடைச்சுக்கிட்டு, பசை தடவி, பலகையை வெச்சு, திருகாணியை வரிசையா இறக்கிட்டார்.

சாப்பிடக் கூப்பிட வந்தேன். தம்பி எங்கன்னா, "நான் என்ன அவனுக்குக் காவலா?"ங்கறார். ஏணிக்குக் கீழே அவன் செருப்பு கிடந்துச்சு. ஓடிப்போய்ப் பலகையைத் தட்டினேன்.

"தம்பி! உள்ளயா இருக்க?"

"ஆமா அண்ணி." சோத்துக்குக் குழம்பு கேக்கற மாதிரி சொன்னான்.

"அடப்பாவி, மூடும்போது கத்தியிருக்கக் கூடாதா?"

இவர் முகத்துல ரத்தமே இல்லை. ரம்பத்தை எடுத்துக்கிட்டு, "எந்தப் பக்கம் இருக்கான்னு கேளு, மேல பட்டுடப் போவுது"ன்னார்.

வந்துச்சே எனக்குக் கோபம்! "கேக்க மாட்டேன். உங்க தம்பி, நீங்க போட்டு அடைச்சது, நீங்களே கேளுங்க. நான் என்ன உங்களுக்குத் தபால்காரியா?"ன்னு பலகை அடுக்கு மேல உக்காந்துட்டேன்.

இவர் ரம்பத்தைக் கீழே வெச்சார். அப்புறம் குதிரை விலாவுல வாயை வெச்சார். "டேய்... எங்கடா இருக்க? ஏன்டா கூப்பிடல?"

"அம்மா சவப்பெட்டியை நீதான் செஞ்ச"ன்னு உள்ளேயிருந்து வந்துச்சு. "நான் வந்து சேர்றதுக்குள்ள ஆணி அடிச்சு மூடிட்ட. ஒரே ஒரு தடவை முகத்தைப் பாத்துக்கறேன், திறன்னு உன் காலைப் பிடிச்சேன். நீ திறக்கல. இனிமே எதையும் திறக்கச் சொல்லி உன்கிட்ட கேக்கறதில்லை."

"அவ முகம் முகமாவே இல்லடா. சீக்கு தின்னுட்டுது. நீ அதைப் பாக்க வேண்டாம்னுதான்..."

இத்தனை நாள்ல என்னென்னவோ என்கிட்ட சொல்லியனுப்பினார் இந்த மனுஷன். இதை மட்டும் சொல்லியனுப்பல.

"அவ எனக்கும் அம்மா. நான் பாக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ண நீ யாரு?"

இவர் ரம்பத்தை மறுபடி எடுத்தார். "வால் பக்கம் இருக்கேன், வெட்டு"ன்னான் அவன்.

இவர் வெட்டினார். அவன் மரத்தூளோட தவழ்ந்து வந்தான். இவர் நீட்டின கையைப் பிடிக்கல. முகம் கழுவினான், பையை எடுத்தான், "வர்றேன் அண்ணி"ன்னு என்கிட்ட சொல்லிட்டுத் தெருவுல இறங்கிட்டான்.

"நிக்கச் சொல்லு அவனை"ன்னார் இவர்.

எனக்கு மட்டும் நிறுத்த ஆசை இல்லையா? கத்தலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நிறுத்தறது?

"முதல்ல அவன் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க"ன்னேன்.

இவர் வாயைத் திறந்தார். ஒண்ணும் வரல. அவன் அதுக்குள்ள தெருமுனை திரும்பிட்டான்.