ஈரல் புத்தகம்

ரெங்கம்மாவின் அண்ணன் அழகரை, தோட்டத்து வெள்ளைக்காரச் சின்னத்துரை, காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், அத்தனை ஆட்களும் பார்த்திருக்க, எட்டி உதைத்தார். அழகர் அங்கேயே செத்துப்போனான். பதுளைக் கோர்ட்டில் குற்றவாளி, அழகரின் மண்ணீரல்தான் என்று முடிவாயிற்று. கப்பல் இறங்கிய கரையிலிருந்து நடந்து வந்த வழியில் பிடித்த காட்டுக் காய்ச்சலில் அது வீங்கிக் கிடந்ததாம். நல்ல ஈரலாக இருந்திருந்தால் அந்த உதைக்கு மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து வேலைக்குப் போயிருப்பானாம். படித்த டாக்டர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும். சின்னத்துரை அந்த வாரமே கிளப்பில் டென்னிஸ் ஆடினார்.

கோப்பிப் பயிர் செத்துத் தேயிலை தழைத்த காலம் அது. நமுனுகுல மலையடியில் இருந்த அந்தத் தோட்டத்துக்கு மனச்சாட்சி இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. ஓர் ஆளைக் கப்பலேற்றி, காட்டு வழியே நடத்தி, மலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் கம்பெனிக்குப் போதும் போதுமென்று ஆகிவிடுகிறது. அப்படி வந்தவன் ஓர் உதைக்குக்கூடத் தாங்கவில்லை என்றால் லண்டனில் பங்கு வைத்திருக்கிற சீமாட்டிகள் பாவம், என்ன செய்வார்கள்? அங்கிருந்து கவலையோடு ஒரு கடிதம் வந்தது. பெரியதுரை உத்தரவு போட்டார்.

தோட்டத்து மருந்துக்காரர் ஜெயராசா ஒவ்வொரு ஆளின் வயிற்றையும் அமுக்கிப் பார்க்க வேண்டும். மண்ணீரல் வீங்கியவனின் பெயரை ஒரு புத்தகத்தில் எழுதி, வலது கையில் சிவப்புத் துணி கட்டிவிட வேண்டும். சிவப்புத் துணிக்காரனை யாரும் உதைக்கக் கூடாது. மற்றவர்களைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை. லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனங்கள் இதையே பெரிய தருமமாக எடுத்துக்கொண்டார்கள். சின்னத்துரையும் உத்தரவை மதிப்பவர்தான். துணி கண்ணில் பட்டால் பிரம்போடு நிறுத்திக்கொண்டார்.

ரெங்கம்மாவின் கண் அந்தத் துணி மேலேயே இருந்தது. அவள் புருசன் வீரய்யாவுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. மண்வெட்டியோடு மழைத்தண்ணீர் ஓடும் கான் வெட்டக் குனிந்துவிட்டால் இடி விழுந்தாலும் நிமிர மாட்டான். துரை கூப்பிட்டு நிமிராதவனுக்கு என்ன கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். அண்ணனுக்கு வாய்க்கரிசி போட்ட கை அவளுடையது. ஆனால் வீரய்யாவின் வயிறோ பலகை மாதிரித் தட்டை. லயமே காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோதும் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டவன். அவனுடைய நல்ல உடம்பை நினைத்து நினைத்து அவள் அழுதாள்.

இரண்டு தடவை ஜெயராசாவிடம் போனாள். இல்லாத வியாதியை எழுதினால் தன் வேலை போய்விடும் என்று விரட்டிவிட்டார். மூன்றாம் தடவை, வீட்டில் இருந்த ஒரே கோழியைத் தூக்கிக்கொண்டுபோய் அவர் காலடியில் வைத்தாள்.

"நல்லாருக்காருன்னு எழுதி அவரக் கொன்னுப்புடாதீங்க சாமி. நோயாளின்னு எழுதி உசுரோட விடுங்க."

ஜெயராசா கெட்ட மனிதர் இல்லை. கோழியை வாங்கிக்கொண்டதும் உண்மை, எழுதும் முன் பேனாவை இரண்டு தடவை கீழே வைத்ததும் உண்மை. கொஞ்சம் வீக்கம் என்று எழுதப் போனவரிடம், ரொம்ப வீக்கம் என்று எழுதச் சொல்லிக் கெஞ்சியவள் அவள்தான்.

துணியைக் கட்டிக்கொண்ட வீரய்யா, கலியாண மாப்பிள்ளை மாதிரி இருப்பதாகச் சொல்லிச் சிரித்தான். நாலு மாதம் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. எல்லாரையும் போல வீரய்யாவும் தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு கான் வெட்டிக்கொண்டிருந்தான். சின்னத்துரை மூன்று தடவை கூப்பிட்டார். மூன்று தடவையும் செவிட்டுக் காதுப் பக்கம். சிவப்புத் துணி கம்பளிக்கு உள்ளே இருந்தது. விலாவில் விழுந்த உதையில் கானுக்குள் சாய்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

மறுநாள் பதுளையிலிருந்து வெள்ளைக்கார அதிகாரி விசாரணைக்கு வந்தார். அவருக்கு வேலையே இருக்கவில்லை. ஈரல் புத்தகத்தைத் திறந்தார். வீரய்யாவின் பெயர், ரொம்ப வீக்கம், தேதி, கையெழுத்து எல்லாம் ஒழுங்காக இருந்தன. உடலை அறுத்துப் பார்க்கும் சிரமம்கூட இல்லை. கையெழுத்து தன்னுடையதுதான் என்று மட்டும் ஜெயராசா சொன்னார். புருசனுக்கு இந்த நோய் இருந்தது தெரியுமா என்று ரெங்கம்மாவிடம் ஒரு பேச்சுக்குக் கேட்டார்கள்.

"அவருக்கு ஒரு நோவும் இல்லைங்க. நாந்தான் பொய்யா எழுதி வாங்குனேன். தொரை உதைச்சுத்தான் செத்தாரு."

மொழிபெயர்ப்பவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, துக்கத்தில் பிதற்றுகிறாள் என்று இங்கிலீஷில் சொன்னார். அதிகாரி இரக்கத்தோடு தலையசைத்தார். தன் பேச்சை அவர் நம்பிவிட்டார் என்றே ரெங்கம்மா நினைத்தாள். அவர் தோட்டத்தின் அக்கறையைப் பாராட்டி நாலு வரி எழுதிவிட்டு, தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

தவறு எங்கே நடந்தது என்று பெரியதுரை கண்டுபிடித்துவிட்டார். துணி கம்பளிக்கு உள்ளே இருந்ததுதான் தவறு. இனிமேல் அதைக் கம்பளிக்கு மேலேயே தைத்துவிட வேண்டும் என்று உத்தரவாயிற்று. தாலி அறுத்தவளை மழையில் கொழுந்தெடுக்க அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. அந்தத் தையல் வேலையை ரெங்கம்மாவுக்கே கொடுக்கச் சொன்னார்.

பெரட்டுக் கொட்டகையில் கம்பளிகளைக் குவித்துவைத்தார்கள். குவியலில் வீரய்யாவின் கம்பளியும் இருந்தது. விலாப் பக்கம் சேறு காய்ந்திருந்தது. லயத்தில் பக்கத்து அறையான காம்பராவில் இருக்கும் கருப்பம்மா தன் கோழியைக் கொடுத்துப் புருசனைப் புத்தகத்தில் ஏற்றிவிட்டாள் என்றும், அவனிடம் கம்பளி இல்லாததால் இது அவனுக்குத்தான் என்றும் கங்காணி சொன்னார். வேண்டாம் என்று கத்த வேண்டும் போல இருந்தது ரெங்கம்மாவுக்கு. துணி இல்லாமல் செத்த அண்ணனும் துணியோடு செத்த புருசனும் அவள் வாயை அடைத்தார்கள். கம்பளியை மடியில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதாள். பக்கத்தில் குந்தியிருந்த கருப்பம்மா அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"துணியக் கொஞ்சம் பெருசாவே வச்சுத் தையி தாயி. மழையிலயும் தொரை கண்ணுக்குத் தெரியணும்."

ரெங்கம்மா பெரிதாகவே வைத்துத் தைத்தாள்.