அப்பாவின் இடது பக்கம்

என் தம்பி கட்டிக்கொண்டு வந்தவள், பெற்ற அப்பனுக்கு எதிராகக் கோர்ட்டில் சாட்சி சொன்னவள். மருந்துக்கடை வைத்திருந்த அந்த மனுஷன் காலாவதியான மருந்துப் பாட்டில்களில் புதுத் தேதி ஒட்டி விற்றாராம். கடையில் கூடவே இருந்த மகள், நீதிபதி முன்னால் ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டாள். அவர் ஜெயிலுக்குப் போனார். அவள் அம்மா கதவைச் சாத்திவிட்டாள். தம்பி மட்டும் "எவ்வளவு நேர்மையான பொண்ணு தெரியுமாக்கா" என்று வாயெல்லாம் பல்லாக வந்து நின்றான். சொந்த அப்பாவையே விடாதவள் மாமனாரையா விட்டுவிடப் போகிறாள்? மனதுக்குள் அவளுக்குச் 'சாட்சி' என்று பெயர் வைத்தேன்.

பயப்படக் காரணம் இருந்தது. அப்பா ஸ்கூல் வேன் டிரைவர். அவருடைய இடது கண் மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்தது. நேராகப் பார்ப்பதில் குறையில்லை, இடது பக்கமிருந்து வருவதுதான் தெரியாது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி இவர் வண்டி ஓட்டக்கூடாது என்றார். நான் வெளியே வந்து அப்பாவிடம், "வயசானா அப்படித்தானாம், பயப்பட ஒண்ணுமில்லையாம்" என்றேன். நாங்கள் இருப்பது ஸ்கூல் கொடுத்த வீடு. வேலை போனால் வீடும் போகும். என் வீட்டுக்காரர் வெளியூர் வேலையில் இருக்க, நானும் என் மகளும் அந்தக் கூரையின் கீழேதான் இருந்தோம். இதெல்லாம் கிடக்கட்டும், ஸ்டியரிங் பிடிக்காத அப்பாவை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அதனால் எங்கள் வீட்டில் யாரும் அப்பாவின் இடது பக்கம் நிற்பதில்லை. விஷயம் தெரிந்த தம்பியும் நானும் பழக, ஒன்றும் தெரியாத என் மகளும் தானாகப் பழகிவிட்டாள். டீ கொடுத்தாலும், செருப்பை எடுத்து வைத்தாலும், எது பேசினாலும் வலது பக்கம்தான். வேனின் இடது பக்கம் எங்காவது உரசிக் கீறல் விழுந்தால் மஞ்சள் பெயின்ட் தொட்டு நான் மறைத்துவிடுவேன். சொந்த மனுஷனைக் காப்பாற்றுவது நல்லது, காட்டிக்கொடுப்பது கெட்டது. இதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டுமா என்ன?

சாட்சியை நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். அவள் போனில் குரலைத் தாழ்த்தினால் நான் சமையலறைக் குழாயை மூடுவேன். அவள் வாசலுக்குப் போனால் எனக்கும் வாசலில் ஏதாவது வேலை வந்துவிடும். அவளோ எதற்கும் முகம் சுளிக்கவில்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு சாயங்காலம் அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். சாட்சி டீ டம்ளரோடு வந்து அவருடைய இடது பக்கம் நின்றாள். வாயைத் திறக்கவில்லை. ஆவி பறக்கிற டம்ளரைக் காதோரமாக நீட்டியபடி நின்றுகொண்டே இருந்தாள். அப்பா டிவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவள் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து, "மாமா, டீ" என்றாள். அவர் சிரித்தபடி வாங்கிக்கொண்டார். துணி மடித்துக்கொண்டிருந்த என்னை அவள் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல அண்ணி."

அந்த 'ஒண்ணுமில்ல' என் தூக்கத்தைக் கெடுத்தது. மறுநாள் வெங்காயம் உரிக்கும்போது நேராகவே கேட்டுவிட்டேன். "உங்க பக்கத்துல எல்லாம் பெத்த அப்பாவைக் காட்டிக்குடுக்கறது சரின்னு சொல்லுவாங்களா?"

"எந்தப் பக்கத்துலயும் சொல்ல மாட்டாங்க அண்ணி. எங்கம்மா இன்னிக்கும் என்னைப் பாவின்னுதான் சொல்றாங்க."

"பின்னே ஏன் சொன்னே?"

"அந்த மருந்தைக் குடிச்ச குழந்தை எங்க வீட்டுக் குழந்தை இல்லையே. எங்க வீட்டு நியாயம் அதுக்கு எப்படித் தெரியும்?"

வெங்காயத்தினால்தான் கண் எரிகிறது என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "இங்க பாரும்மா, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நியாயம் இருக்கு. இங்க வந்தாச்சுன்னா இந்த வீட்டு நியாயம்தான் உனக்கும்."

"சரி அண்ணி" என்றாள். இவ்வளவு சுலபமாகச் சரி சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பாப்பா ஏன் அண்ணி ஸ்கூலுக்கு நடந்து போறா? மாமா வேன் அங்கதானே போகுது?" என்றாள்.

"வேன்ல இடமில்ல" என்றேன். எனக்குப் பொய் சொல்லச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த வாரமே ஒரு மத்தியானம் சாட்சி தலைவாரி, நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு கிளம்பினாள். நானும் பின்னாலேயே போனேன். நேராக ஸ்கூல் ஆபீசுக்குள் நுழைந்தாள். ஜன்னல் வழியாக, மேனேஜர் அவள் சொல்வதற்குத் தலையாட்டுவது தெரிந்தது. எந்தப் பாத்திரத்தை எந்த மூட்டையில் கட்டுவது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு ஓடிவந்தேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, மத்தியான டிரிப்புக்காக ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சாட்சி உள்ளே வந்ததும், "எங்க போயிட்டு வரே?" என்றேன்.

"ஸ்கூல் ஆபீசுக்கு அண்ணி." மறைக்கக்கூட இல்லை.

"அடிமடியிலேயே கை வெச்சிட்டியே. என்ன சொன்னே அங்க?"

"ஒண்ணும் சொல்லல. இடமில்லன்னீங்களேன்னு பாப்பாவுக்கு வேன்ல இடம் கேட்டேன். இடம் தாராளமா இருக்காம். டிரைவர் பேத்திக்கு இல்லாத இடமான்னு மேனேஜர் சிரிக்கறார். நாளையிலேர்ந்தே ஏறிக்கலாமாம்."

"வேணாம்."

யோசிப்பதற்குள் வாயிலிருந்து விழுந்துவிட்டது. கத்தியே சொல்லியிருக்கிறேன் போல, அப்பா ஷூவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இடமில்லன்னு சொன்னியா நீ? என்கிட்ட வேன்ல ஏறினா அவளுக்கு வாந்தி வரும்னு இல்ல சொன்னே?"

நான் கீழே கிடந்த ஷூத் துணியை எடுத்து மடித்தேன்.

"ஊர்ப் பிள்ளைங்களை எல்லாம் நான் ஏத்திட்டுப் போறேன். என் பேத்தி மட்டும் நடந்து போறா. ஏம்மா?"

இன்னொரு பொய் எடுத்துவிட்டிருக்கலாம். ஒன்றும் வரவில்லை. வேனின் இடது பக்கம்தான் கண்ணுக்குள் வந்தது. எந்தக் கீறல் எங்கே என்று எனக்கு அத்துப்படி. ஒன்றின் மேல் ஒன்றாகப் பூசியது நான்தானே. அந்தப் பக்கம் என் பிள்ளையைப் போகவே விட்டதில்லை. வீட்டுக்கு ஒரு நியாயம் என்று அவளுக்குப் பாடம் எடுத்த நான், ஒரே வீட்டுக்குள் என் பிள்ளைக்கு ஒன்று, ஊர்ப் பிள்ளைக்கு ஒன்று என்று இரண்டு வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

சாட்சி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தெரிந்து கேட்டாளா, தெரியாமல் கேட்டாளா, இன்றுவரை நான் கேட்கவில்லை. போட்டுக் கொடுத்திருந்தால் வாய் வலிக்கத் திட்டியிருப்பேன். அதற்குக்கூட அவள் வழி வைக்கவில்லை.

அப்பாவின் பார்வைக்கு முன்னால் நிற்க முடியாமல் நான் மெதுவாக நகர்ந்து சுவரோரமாகப் போனேன். அவர் கண்ணிலிருந்து தப்ப எங்கே நிற்க வேண்டும் என்று என் கால்களுக்குத் தெரிந்திருந்தது.

அவர் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு ஷூவைப் பார்த்தார், கையை எடுத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து வேன் சாவியை எடுத்தார்.

"புதுசா வந்த பொண்ணு கொண்டுபோய்க் குடுத்தா ஊர் அவளைத்தான் பேசும். நீயே மேனேஜர்கிட்ட குடுத்துடு. இப்பவே போ. மத்தியான டிரிப்புக்கு வேற ஆளைப் போடச் சொல்லு."

சொல்லிவிட்டு, நாங்கள் பழக்கிவைத்தபடியே, சாவியை வலது பக்கம் நீட்டினார். அங்கே யாரும் இல்லை. "வாங்கிக்கம்மா" என்று காலி இடத்தைப் பார்த்துச் சொன்னார். இந்தப் பக்கம் அவருடைய தோளுக்கு ஒரு கை தூரத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.